அசர் தொழுகைக்கு இறக்கி வைத்த சட்டி

பேகம்பூர் சுலைகா பீவி காய்ச்சிய எண்ணெயை நான் கண்டுபிடித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அந்தக் கையெழுத்தால் என்ன ஆகும் என்று திண்டுக்கல்லில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. காப்புரிமை விண்ணப்பம் எழுதுவதுதான் என் வேலை. தெரிந்தே செய்தேன்.

மதுரையில் காப்புரிமைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது பாடம் எடுக்கிறேன். போன முறை ஒரு பெண், "உங்க வாழ்க்கையிலேயே நல்லா எழுதின விண்ணப்பம் எது சார்?" என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை, இதைத்தான் சொன்னேன். நன்றாக எழுதப்பட்டது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாவரவியலில் முதுகலை. சில வருடம் கல்லூரிகளில் தற்காலிக வேலை. பிறகு வத்தலக்குண்டு சாலையில் இருந்த ஒரு மூலிகைச் சாறு கம்பெனியில் சேர்ந்தேன். கண்வலிக்கிழங்கு விதை போன்றவற்றை வாங்கிச் சாறெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வரும் சரக்கு கலப்படமா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

மஞ்சளுக்கு அமெரிக்காவில் யாரோ காப்புரிமை வாங்கி, அது பிறகு ரத்தான செய்தி வந்தது அந்தக் காலத்தில்தான். டீக்கடைகளில்கூடப் பேசினார்கள். பழைய ஏடுகளையும் அச்சில் இருந்த நூல்களையும் காட்டித்தான் அந்த வழக்கை ஜெயித்தார்கள் என்று பத்திரிகையில் படித்தோம். ஊர் அதில் பெருமைப்பட்டது. எங்கள் கம்பெனி வேறொரு பாடம் படித்துக்கொண்டது. ஏட்டிலும் அச்சிலும் இல்லாததை யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கே அது சொந்தமாகும். உடனே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கினார்கள். என்னை அதில் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் மருந்து கொடுப்பவர்களைத் தேடிப் போவது, பார்ப்பது, வந்து எழுதுவது. சட்டத்தை நானாகவே படித்துக்கொண்டேன்.

பிரிவின் தலைவர் சுந்தரேசன். நான் பார்த்த மேலதிகாரிகளில் மிகக் கெட்டிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எழுதிக்கொண்டு போன காகிதத்தை மேசையில் பரப்பி, சாத்துக்குடி உரித்துக்கொண்டே படிப்பார். வேண்டாத சொல்லைப் பேனாவால் அடிக்க மாட்டார். பென்சிலால் மெல்ல ஒரு வட்டம் போடுவார். பிறகு காகிதத்தையும் ரப்பரையும் நம் பக்கம் தள்ளிவிட்டு, "இது எதுக்கு?" என்பார். காரணம் சொல்ல முடிந்தால் வட்டத்தை அவரே அழிப்பார். முடியாவிட்டால் அந்தச் சொல்லை நாம் அழிக்க வேண்டும். அவர் கையால் எதையும் நீக்கியதே கிடையாது. இந்த முறையில் நான் எழுதக் கற்றுக்கொண்டேன் என்பதும் உண்மை.

சுலைகாவைப் பற்றி எனக்குச் சொன்னவர் சவரிமுத்து. தோல் பதனிடும் தொழிற்கூடமான தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. தோலில் இருக்கும் மயிரைக் கழிக்கச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவார்கள். அதில் நாள் முழுக்கக் கையை விடுபவர்களுக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிடும். சவரிமுத்துவின் கை அப்படி இல்லாததைப் பார்த்துக் கேட்டேன். "பேகம்பூர் அக்கா எண்ணெய் சார். வாரீங்களா? ஆனா சும்மா குடுக்காது. கிண்டணும்" என்றார்.

அவர் சொன்னது போய்ப் பார்த்ததும் புரிந்தது. சுலைகா பீவியின் கணவரும் தோல் ஷாப்பில் இருந்தவர்தான், இறந்துவிட்டார். வீட்டின் பின்பக்கம் பெரிய சட்டியில் புங்க எண்ணெய். அதில் இடித்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும். மூன்றுமே தோல் ஷாப்பில் புழங்கும் பொருள்கள். சுண்ணாம்புக் குழியில் வெந்த கை, ஆவாரம்பட்டை ஊறும் பட்டைக் குழிக்கு மாறியதும் தேறுவதை யாரோ எப்போதோ கவனித்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று சுலைகாவுக்கும் தெரியாது. அவர் மாமியார் காய்ச்சினார், இவர் காய்ச்சுகிறார். பட்டை அடியில் பிடித்துவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தியால் முடியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெய் வாங்க வருகிறவர் புட்டியோடு வந்து, அடுத்த சட்டிக்குத் தன் பங்குக்குக் கிண்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"எம்பொண்டாட்டிக்கு ஒரு நாளு குழம்பு கிண்டுனதில்ல. இந்த அக்காவுக்கு வருசம் பூரா கிண்டுறேன்" என்றார் சவரிமுத்து.

"அதான் அவ ஒனக்கு வெஞ்சனம் வைக்கிறதில்ல" என்றார் சுலைகா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன அண்ணே, வேடிக்க பாக்க வந்தீங்களா? கரண்டியப் பிடிங்க" என்றார்.

பிடித்தேன். என்னென்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும், பட்டை என்ன நிறத்துக்கு வர வேண்டும் என்று கேட்டதற்கெல்லாம் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. நடுவில் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டது. சுலைகா சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தொழப் போனார். கிண்ட வந்தவர்கள் முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் ஆறிக்கொண்டிருந்த சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்து சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினார். வழக்கப்படி நான் கிண்டியதற்கு ஒரு புட்டி எண்ணெய் கிடைத்தது.

கம்பெனி ஆய்வகத்தில் அதே எண்ணெயைச் செய்து பார்த்தோம். கலங்கலாக வந்தது. பலமுறை செய்தும் அப்படியே. சுலைகாவின் எண்ணெய் தெளிவாக இருந்தது. என்ன விட்டுப்போனது என்று சுந்தரேசன் கேட்டார். எனக்குச் சட்டியை இறக்கி வைத்தது ஞாபகம் வந்தது. நடுவில் ஆறவிட்டு மறுபடி காய்ச்சினோம். தெளிந்தது. ஏன் என்று சோதித்துக் காரணத்தையும் குறித்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். எதையோ கண்டுபிடித்துவிட்டது போலவே இருந்தது.

அந்தக் காலச் சட்டப்படி நம் நாட்டில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. செய்யும் முறைக்கு உண்டு. ஆகவே முறையைத்தான் எழுத வேண்டும். முதலில், இதுவரை உலகம் அறிந்தது என்ன என்று ஒரு பத்தி. பிறகு, அதில் இல்லாத எதை நாம் புதிதாகச் செய்தோம் என்பது. கடைசியில் உரிமைக்கோரிக்கைகள். நிலத்துக்கு வேலி போடுவது போல ஒவ்வொரு சொல்லாக ஊன்ற வேண்டும். தளர்ந்தால் அடுத்தவன் நுழைவான், இறுக்கினால் நமக்கே இடம் போதாது. நான் ஊன்றிய வேலியின் நடுக்கம்பம், காய்ச்சும்போது இடையில் விடும் அந்த ஆறும் நேரம்.

என் முதல் பிரதியில், பேகம்பூரில் தோல் தொழிலாளர்கள் இப்படி ஓர் எண்ணெயை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தேன். சுந்தரேசன் 'பேகம்பூர்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். சாத்துக்குடிச் சுளை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இது எதுக்கு?"

"அங்கதான சார் பார்த்தேன்."

"அச்சுல எங்கயாவது இருக்கா?"

"இல்ல சார். தேடிட்டேன்."

"சரி. எதனால ஆறவிட்டாத் தெளியுதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமில்ல? காரணம் தெரிஞ்சவன்தான்யா கண்டுபிடிச்சவன். மத்தவங்க செய்றது பழக்கம்." இன்னொரு சுளையைப் பிரித்துக்கொண்டே, "கண்டுபிடித்தவர்னு ஒரு இடம் இருக்கு. என் பேரைப் போடப் போறதில்ல. பெருமாள்சாமி, எம்.எஸ்ஸி.ன்னு போடுங்க" என்றார்.

அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. அடுத்தவர் சட்டிக்கு ஒருவர் காரணம் சொல்லலாம், சொந்தம் கொண்டாட முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த வட்டத்தை அவரே அழித்திருப்பார். அதுதான் அவர் வழக்கம். ஆனால் என் பெயர் ஓர் அரசு ஆவணத்தில் 'கண்டுபிடித்தவர்' என்று வரப்போகிறது என்ற ஆசை என் வாயை அடைத்துவிட்டது. தற்காலிக ஆசிரியராக ஊர் ஊராக அலைந்தவனின் ஆசை அது. ரப்பரை எடுத்தேன். 'பேகம்பூர்' போனது. 'தோல் தொழிலாளர்கள்' போனார்கள். 'இம்முறை இதற்குமுன் எவராலும் அறியப்படாதது' என்ற வரியை யாரும் கேட்காமலேயே நானாகச் சேர்த்தேன்.

அப்போதெல்லாம் விண்ணப்பங்கள் காப்புரிமை அலுவலகத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். இதுவும் கிடந்தது. நான் ஓய்வு பெற்றேன். கம்பெனி என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டது. இதற்கிடையில் சட்டம் மாறியது. விண்ணப்பம் வெளியிடப்பட்டது. கம்பெனி அந்த எண்ணெயை அழகான புட்டியில் விற்கத் தொடங்கியது.

ஒரு நாள் காலை சவரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். தோல் ஷாப்புகள் பலவும் மூடிவிட்டிருந்தன. சுலைகா எண்ணெயை மருந்துக்கடைகளில் கொடுத்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். கிண்டியவர்கள் சிலரும் அதில் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். அந்தக் கடைகளுக்குக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். கடைக்காரர்கள் பயந்து புட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"இனிமே நாங்க காய்ச்சவே கூடாதாம் சார். அந்த முறை அவங்களுதாம். அக்கா ரெண்டு நாளா அடுப்பு மூட்டல" என்றார். "நீங்க அங்க வேல பாத்தவுக. யாரு சார் இதப் போயி அவங்ககிட்டச் சொன்னது?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. என்னை நம்பிக் கேட்டார். "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

கையெழுத்துப் போட்டதைவிட அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மறுநாள் பேகம்பூர் போனேன். சவரிமுத்துவும் அங்கே இருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். சவரிமுத்து எழுந்து வெளியே போய்விட்டார். சுலைகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அன்னைக்குக் கிண்டுனீங்கல்ல அண்ணே?"

"கிண்டினேன்."

"ஆளு கிண்டுறதே சரியில்லன்னு சவரிமுத்து அன்னைக்கே சொன்னான். நாந்தான் படிச்ச மனுசன், பழக்கமில்லன்னேன்." பிறகு, "சரி. எழுதத் தெரிஞ்சவருக்கு அழிக்கத் தெரியாதா?" என்றார்.

"அழிக்க முடியாதும்மா. ஆனா இன்னும் உரிமை கொடுக்கல, அந்த நோட்டீஸ் சும்மா மிரட்டல். கொடுக்குறதுக்கு முன்னாடி யார் வேணாலும் எதிர்க்கலாம்."

"அப்ப எதிர்ப்போம். நீங்க எழுதுங்க. இந்தத் தடவ பாத்து எழுதுங்க."

புதிய சட்டத்தில் எங்களுக்குச் சாதகமாக ஒரு பிரிவு வந்திருந்தது. ஒரு சமூகத்தின் அறிவு அச்சில் இல்லாமல் வாய்மொழியாக இருந்தாலும், அதைக் காட்டி விண்ணப்பத்தை எதிர்க்கலாம். சொல்வது எளிது. வாய்மொழியாக இருந்ததை எப்படி நிரூபிப்பது? கம்பெனி விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இந்த முறையை முழுதாக அறிந்தவர்கள் வேண்டும். பொதுவாக வைத்தியர் ஒருவருக்குத்தான் மருந்து தெரியும், மற்றவர்களுக்கு அதன் பலன் மட்டும்தான் தெரியும். இங்கே அப்படி இல்லை. எண்ணெய் வாங்கிய அத்தனை பேரும் கிண்டியவர்கள். கிண்டிய அத்தனை பேருக்கும் முறை தெரியும்.

பிரமாணப் பத்திரங்களை நானே எழுதினேன். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டேன். நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆட்டோ ஓட்டுபவர், முடிதிருத்துபவர், போலீஸ்காரர் மனைவி என்று பலர் வந்தார்கள். பட்டை அளவைச் சிலர் முன்பின்னாகச் சொன்னார்கள், அதை அப்படியே எழுதினேன். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். "நடுவுல அக்கா சட்டிய எறக்கிட்டுத் தொழப் போவாக. நாங்க டீக்குப் போயிருவோம். வந்தப்பறம் திருப்பி ஏத்துவோம்." சவரிமுத்துவும் வந்து சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கடைசிப் பத்திரம் என்னுடையது. அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் என் ஆலோசகர் வேலை போனது. சுந்தரேசனும் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க, படிச்சேன்" என்றார். உடனே வைத்துவிட்டார். கேலியா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணை சென்னையில் நடந்தது. கம்பெனி வக்கீல் திறமையானவர். எண்ணெய் பழையதாக இருக்கலாம், ஆனால் இடையில் ஆறவிடுவது அறிவியல் ஆய்வில் கண்ட புதுமை என்றார். காரணங்களை அடுக்கினார். அத்தனையும் என் வாசகங்கள். கேட்கக் கேட்க எனக்கே நம்பத் தோன்றியது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "கண்டுபிடித்தவர்னு உங்க பேருதானே இருக்கு? இந்த இடைவெளியை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கல ஐயா. அசர் பாங்கு சொன்னாங்க. அந்தம்மா சட்டியை இறக்கி வச்சிட்டுத் தொழப் போனாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

எழுதிக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார். "தொழுகை நேரத்தைத்தான் உரிமைக்கோரிக்கையில எழுதினீங்களா?"

"ஆமா ஐயா."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உத்தரவில் என் பெயரும், உண்மை தெரிந்தே நான் மறைத்தேன் என்ற வரியும் இருக்கின்றன. அது சரியான வரி. கடைகள் மறுபடி சுலைகாவின் புட்டிகளை வாங்கின. அடுப்பு எரிந்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். சுலைகா கேட்டுவிட்டு, "மெட்ராசுல சொன்னது மெட்ராசுக்கு. எங்க தெருவுல வந்து சொல்லுங்க. இங்க உள்ளவுகதான கிண்டுனாக" என்றார்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா முடிந்து கூட்டம் கலைவதற்குள், தெரு முனையில் நின்று, யாரைப் பார்த்து எதை எழுதி எதை அழித்தேன் என்று சொன்னேன். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். யாரும் போடவில்லை. ஒருவர், "இம்புட்டுத்தானா, நான் என்னமோ கொலக் கேசுன்னு நெனச்சேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் கிளம்பி நடக்கும்போது சவரிமுத்து எதிரே வந்து நின்றார். பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சார், வேற எதெல்லாம் இப்பிடி எழுதி வச்சிருக்கீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"இன்னும் மூணு இருக்கு. எரியோடு, நெய்க்காரப்பட்டி, வத்தலக்குண்டு."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? பஸ்ஸு இருக்குல்ல?"

போனேன். எரியோட்டில் எனக்கு மருந்து சொன்னவர் இறந்துபோயிருந்தார். அவர் மகன் நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். நியாயம்தான். அந்த விண்ணப்பத்தை நானே எதிர்த்தேன், விழுந்தது. நெய்க்காரப்பட்டியில் மாட்டு வைத்தியம் பார்க்கும் பெரியவர், "ஏனுங்க, இதுக்காகவா இந்த வெயில்ல வந்தீங்க?" என்று மோர் கொடுத்தார். அந்த விண்ணப்பத்தைக் கம்பெனியே பாதியில் கைவிட்டிருந்தது.

வத்தலக்குண்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வைத்தியர், மூட்டுவலித் தைலம் கொடுப்பவர். இதுதான் நான் அதிகம் பயந்தது. அந்தத் தைலத்துக்கான முறைக்குக் காப்புரிமையே வழங்கியாகிவிட்டது. சொல்லி முடித்தேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நீங்க பேனாவும் கையுமா வந்தப்பவே தெரியும் சார். ஒரு சரக்க மாத்திச் சொன்னேன். அத வச்சிக்கிட்டு உங்க கம்பெனி என்ன பண்ணுச்சு?"

"விற்கல. வேலை செய்யலன்னு விட்டுட்டாங்க."

மறுபடி சிரித்தார். சிரிப்பு அடங்கிய பின், "அந்த பேகம்பூர் அம்மா ஒண்ணையும் மறைக்கலியா?" என்று கேட்டார்.

"இல்ல. கிண்ட வந்த எல்லாருக்கும் காட்டினாங்க."



"அப்ப என்கிட்ட நீங்க ஏமாந்துதான் போனீங்க சார். அந்தம்மாகிட்ட எடுத்தீங்க பாருங்க, அதுதான் திருட்டு."